அடுப்பும் ஏற்றமும்

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்து, வரத்துக்கால்கள் எல்லாம் நிறைந்து, ஏரி கலங்கல் ஓடுகிற நாளில் தென்னேரிக் கரைமேல் வந்து நிற்கிறவனுக்கு, இந்த ஊரின் முன்னோர்கள் செய்து வைத்த காரியம் இன்னதென்று வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வானத்திலிருந்து எங்கும் பரந்து விழுந்து, மேட்டில் நின்றால் மண்ணுக்குள் மறைந்தும், பள்ளத்தில் ஓடினால் கடலில் கலந்தும், ஒருவருக்கும் பிரயோஜனப்படாமலே போயிருக்கக்கூடிய நீரை, நீண்டதொரு கரையை வளைத்துக் கட்டி, ஓரிடத்தில் தேக்கி, மதகு வைத்து, வேண்டிய காலத்தில் வேண்டிய வயலுக்குப் பாயும்படி அவர்கள் செய்தார்கள். நீரைச் சிருஷ்டிக்கும் சக்தி மனிதனுக்கு இல்லை என்பதை நன்கு உணர்ந்து, சிதறிக் கிடப்பதைச் சேர்த்து வைப்பதே தங்களால் ஆகக்கூடியது என்று தெளிந்தவர்களின் வேலை அது.

இந்த ஏரிக்குத் திரையனேரி என்பதே பழைய பெயர் என்றும், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அது வழங்கிற்று என்றும், நாளடைவில் மக்கள் வாயில் தென்னேரி என்று மருவிற்று என்றும் பெரியோர்கள் சொல்வார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாட்டுடைத் தலைவனாக வைத்துப் போற்றியது அந்த இளந்திரையனைத்தான். தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பெற்ற சாசனங்களில், குடவோலை எடுத்து வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்த கிரமம் விஸ்தாரமாகக் கூறப்பட்டிருக்கிறது. அந்த வாரியங்களில் ஏரியைக் காப்பதற்கென்றே ஒன்று இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஏரிப் பராமரிப்பை ஓர் உத்தியோகமாக வகுத்து, அதற்கு இன்னார் தகுதியுடையவர், இன்னார் தகுதியற்றவர் என்று கல்லில் எழுதி வைத்த பிரதேசம் இது. இங்கே பிறந்து வளர்ந்த ஒருவன் எந்த யந்திரத்தைப் பற்றி யோசித்தாலும், ஏரியிலிருந்தே யோசனையைத் தொடங்குவது இயல்பு.

யோசிக்க நேர்ந்த சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். சென்ற மார்கழியில், லண்டன் மாநகரத்தைச் சேர்ந்த ஹாரோவில் குடியிருக்கும் என் தங்கை மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் வீட்டில் குளிக்க வெந்நீர் கொடுப்பதோடு, சுவரோரம் உள்ள இரும்புப் பட்டைகளில் வெந்நீரை ஓட்டி அறைகளையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டிருந்த காஸ் பாய்லர் பழசாகிப் பழுதாகிவிட்டதாம். “மாமா, அதே மாதிரி இன்னொரு பாய்லரை வைத்துவிடலாமா, இல்லை ஹீட் பம்ப் வைப்பதா என்று தெரியவில்லை. ஹீட் பம்ப் வைத்தால் சர்க்கார் 7,500 பவுன் மானியம் தருகிறது. ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று எழுதியிருந்தான். உறைபனியையே காணாத ஊரில் இருக்கும் என்னிடம் இதைக் கேட்பானேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பாய்லர் என்ற வார்த்தையைப் படித்த மாத்திரத்தில், எங்கள் பழைய வீட்டுக் கொல்லைப்புறமும், அங்கே தகதகவென்று நின்ற தாமிரப் பாய்லரும், அதற்கும் முந்திய வெந்நீர் அடுப்பும் கண்முன் வந்து நின்றன. இந்தக் கேள்வி நமக்கும் உரியதே என்று தோன்றிற்று.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமத்து வீடுகளில் சமையல் அடுப்பு வேறு, வெந்நீர் அடுப்பு வேறு. முன்னது வீட்டுக்குள் இருப்பது. மடியும் சுத்தமும் உடையது. அதற்கு நல்ல விறகு வேண்டும். பின்னது கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் இருப்பது. மூன்று கல்லை வைத்தோ, மண்ணால் மேடை கட்டியோ, அதன்மேல் ஒரு பெரிய அண்டாவைப் பதித்திருப்பார்கள். அந்த அண்டாவின் வெளிப்புறம் எத்தனையோ தலைமுறைகளின் கரியைத் தாங்கி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எரிபொருள் என்று ஒன்றை விலை கொடுத்து வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, காய்ந்த பனையோலை, வேர்க்கடலைத் தோல், சவுக்கு மிளாறு, வேலி கழித்த கருவேல முள், மழைக்கு நனைந்து சமையலுக்கு உதவாத வரட்டி ஆகிய இவையே அதற்கு ஆகாரம். நிலமும் மரமும் மாடும் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்ட பின் மிச்சமாக விட்டுச் சென்றதையெல்லாம் பொறுக்கி எடுத்து, அந்த அடுப்பு வெந்நீராக மாற்றித் தந்தது. அந்த வகையில் அதுவும் ஏரியைப் போன்றதே. சிதறிக் கிடந்ததைத் திரட்டியது.

ஆனால் அந்தத் திரட்டுதலுக்கு ஒரு விலை உண்டு என்பதையும், அந்த விலையைப் பெண்களே கொடுத்தார்கள் என்பதையும் மறைத்துப் பேசுவது நியாயமாகாது. மட்டையைப் பொறுக்கி வந்து, வெட்டி, காய வைத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஊதுகுழலால் ஊதி, கண்ணெரிச்சலோடும் இருமலோடும் அந்த அடுப்பை எரியவிட்டவர் எங்கள் ஆயா. தீபாவளிக்கு முதல் நாள் மாலை, அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் நிரப்பி வைப்பார். மறுநாள் இருட்டோடு வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் எண்ணெய் தேய்த்து, ஒவ்வொருவராய் உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றி முடிக்கிற வரையில் அந்த அடுப்பை அணையவிடமாட்டார். கடைசியாக அவர் குளிக்கும்போது நீர் ஆறிப் போயிருக்கும். பழைய காலத்தின் சிக்கனத்தைப் புகழ்கிறவர்கள் இந்த ஆறிப்போன நீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்தது தாமிரப் பாய்லர். நெடிய உருளை வடிவில், நடுவே ஒரு குழாய் மேலிருந்து கீழே போகும்படியும், அந்தக் குழாயின் அடியில் கம்பித் தட்டு வைத்தும், சுற்றிலும் நீர் நிற்கும்படியும், பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாயோடும் செய்யப்பட்ட அந்தப் பாத்திரம், ஒரு பிடி அடுப்புக்கரியிலேயே ஒரு வீட்டுக்கு வேண்டிய வெந்நீரைத் தந்துவிடும். நெருப்பை நீர் சூழ்ந்திருந்தபடியால் உஷ்ணம் வெளியே வீணாகிற வழி குறைந்தது. யந்திர சாஸ்திரம் படிக்காத கன்னார்கள் கையில் உருவான அந்தப் பாத்திரத்தை, என் அபிப்பிராயத்தில், இந்த ஜில்லாவின் வெந்நீர் சரித்திரத்தில் முதற் சீர்திருத்தம் என்றே சொல்ல வேண்டும். நெருப்பைப் பெரிதாக்காமல் அதன் வீணடிப்பைக் குறைத்த சீர்திருத்தம் அது.

விறகுக்கு அன்று விலை ஏறிக்கொண்டிருந்ததும் இந்தச் சீர்திருத்தத்துக்கு ஒரு காரணம். 1856ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ராயபுரத்துக்கும் வாலாஜாவுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியபின், அந்த என்ஜின்களின் வயிற்றை நிரப்ப விறகு வண்டி வண்டியாகப் போயிற்று. காடுகள் அருகின, கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. சென்னைப் பட்டணத்து அடுப்புகளும் இந்த ஜில்லாவின் சவுக்கையே நம்பி எரிந்தன. கிராமத்தான் தன் வேலி முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், பட்டணத்தான் விறகைத் தொட்டியில் எடை போட்டு வாங்கினான். நெருப்பு விலைப்பொருளான கதை இங்கே தொடங்குகிறது.

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய் வந்தது, பிறகு 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி சமையல் வாயுவைச் சிலிண்டரில் அடைத்துக் கொடுக்கத் தொடங்கியது, 1965இல் கல்கத்தாவில் இண்டேன் பிறந்தது, 2007இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏழை வீடுகளுக்கு இலவச காஸ் அடுப்பு வழங்க ஆரம்பித்தது. ஆயாவின் கண்ணெரிச்சலைத் துடைத்த பெரும் புண்ணியம் இந்த வாயுவுக்கு உண்டு. அதை நான் ஒருகாலும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் குளியலறைக்குள் அதே வாயுவைக் கொண்டுவந்தபோது வேறொரு பயம் கூடவே வந்தது. எங்கள் உறவினர் வீடொன்றில், ஜன்னலில்லாத சிறு அறையில் காஸ் கீசரை மாட்டிவிட்டுக் கதவைத் தாழிட்டுக் குளிக்கப் போன பையன் வெகுநேரம் வெளியே வராமற் போகவே, கதவை உடைத்துப் பார்த்தபோது நினைவற்றுக் கிடந்தான். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டான். மூடிய அறையில் நெருப்பு எரியும்போது பிராணவாயு குறைந்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகிவிடுகிறது. திறந்த கொல்லையில் இருந்த வெந்நீர் அடுப்பின் புகை, கண்ணைக் கரித்தாவது தன் இருப்பை அறிவித்தது; இது அறிவிக்காமலே கொல்லும்.

இது வரையில் நான் சொன்ன உபகரணங்கள் யாவும், அண்டா முதல் கீசர் வரையில், ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஏதோ ஒன்றை எரித்து, அல்லது மின்சாரத்தைக் கம்பிச் சுருளில் செலுத்திச் சூடாக்கி, புதிதாக உஷ்ணத்தை உண்டாக்குகிறவை. ஹீட் பம்ப் என்பது இந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. அதன் வம்சத்தைத் தேடிப் போனால் நாம் போய்ச் சேருகிற இடம் அடுப்பங்கரை ஆகாது. சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ்.

இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிற, 1897இல் சுவாமிகள் தங்கியிருந்து உபதேசித்த அந்தக் கட்டடம், 1842ஆம் ஆண்டளவில், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி அனுப்பிய பிரடெரிக் டூடர் என்ற வியாபாரிக்காக எழுந்தது. பல்லாயிரம் மைல் கடல் கடந்து பனிக்கட்டி வந்துகொண்டிருந்த சென்னைக்கு, 1874இல் யந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. டூடர் காலத்து வியாபாரம் அதோடு நலிந்தது. அந்த யந்திரம் செய்தது என்ன? நீரிலிருந்த உஷ்ணத்தை எடுத்து வெளியே கொட்டியது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் பின்புறத்தில் கை வைத்தால் சுடுகிறதே, அது இவ்வாறு கொட்டப்படுகிற உஷ்ணம்தான். உள்ளே குளிர்வதைப் பார்த்து மகிழ்ந்த நாம் பின்னால் சுடுவதை வீணென்று விட்டுவிட்டோம். அந்தச் சூட்டையே பிரயோஜனமாக்கிக்கொண்டு, அதற்கு வேண்டிய உஷ்ணத்தை வெளிக்காற்றிலிருந்து எடுக்கும்படி அமைத்தால், அதுதான் ஹீட் பம்ப்.

இதன் தத்துவத்தை முதலில் தொட்டவர் சாதி கார்னோ என்ற பிரெஞ்சு வாலிபர். 1824இல் அவர் எழுதிய சிறு நூலில், நீராவி என்ஜின் வேலை செய்வதை அருவி விழுவதோடு ஒப்பிட்டார். உயரத்திலிருந்து நீர் விழுந்து சக்கரத்தைச் சுற்றுவது போல, உஷ்ணம் அதிக நிலையிலிருந்து குறைந்த நிலைக்கு இறங்கும்போது வேலை கிடைக்கிறது என்றார். அப்படியானால் வேலை கொடுத்து உஷ்ணத்தைக் கீழிருந்து மேலே ஏற்ற முடியாதா? முடியும் என்றும், அவ்விதம் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்றும் 1852இல் வில்லியம் தாம்ஸன் எழுதினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் அவர்தான். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபென்ஸே உப்பளத்தில் பீட்டர் ரிட்டிங்கர் இந்த வகையில் ஒரு யந்திரத்தை அமைத்து, உப்புநீரைக் காய்ச்சிய நீராவியையே அழுத்தி மறுபடியும் காய்ச்சப் பயன்படுத்தினார். 1938இல் சூரிச் நகர மண்டபம், பக்கத்தில் ஓடிய லிம்மாட் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்து உஷ்ணத்தை எடுத்துத் தன் அறைகளைச் சூடாக்கிக்கொண்டது. விறகும் நிலக்கரியும் அருமையான தேசங்களில் இந்தச் சிந்தனை வளர்ந்ததில் வியப்பில்லை.

கார்னோவின் அருவியை நம்மூர் மனிதனுக்குச் சொல்ல வேண்டுமானால் ஏற்றத்தைக் காட்டினால் போதும். பம்ப் என்ற சொல்லுக்கு நேராகவே நம்மிடம் அழகிய சொல் இருக்கிறது. ஆகவே ஹீட் பம்பை நான் வெப்ப ஏற்றம் என்றே அழைக்க விரும்புகிறேன். துலாமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கழியின் நுனியில் கட்டிய சால் கிணற்றுக்குள் இறங்கும், நீரை மொண்டுகொண்டு மேலேறும், வாய்க்காலில் கவிழும், வெறுமையாய் மறுபடி இறங்கும். வெப்ப ஏற்றத்திலும் ஒரு சால் உண்டு. எளிதில் ஆவியாகிற ஒரு திரவம் வெளியேயுள்ள குழாய்ச் சுருளில் காற்றின் உஷ்ணத்தை உறிஞ்சி ஆவியாகிறது. மின்மோட்டார் அந்த ஆவியை அழுத்த, அது மேலும் சூடேறுகிறது. தொட்டியிலுள்ள நீருக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து திரவமாகிறது. வெறுமையான சாலைப் போலப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இப்போது வருகிற யந்திரங்கள் பலவற்றில் அந்தத் திரவம் புரொபேன். நம் சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று. அடுப்பில் எரிந்து ஒரே நாளில் மறைந்துவிடுகிற பொருள், ஏற்றத்தில் சாலாக மாறிப் பல ஆண்டுகள் உழைக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஏற்றம் இறைத்தவர்களுக்கு ஒரு விதி தெரியும். நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிரமம் கூடும். வாய்க்காலிலிருந்து ஒரு முழ உயரத்து வயலுக்கு இறைகூடை போதும். இரண்டு பேர் நின்று கயிற்றை வீசி இறைத்துவிடுவார்கள். அதற்குமேல் ஆழமானால் ஏற்றம். இன்னும் ஆழமானால் கவலை கட்டி, மாடுகளைச் சரிவில் ஓட்டி, தோற்சாலால் இறைக்க வேண்டும். ஏரி நிரம்பிய வருஷம் கிணற்றில் நீர் மேலே நிற்கும். ஏற்றக்காரன் பாட்டுப் பாடிக்கொண்டே இறைப்பான். ஏரி வறண்ட வருஷம் அதே கிணறு அவன் முதுகை முறிக்கும். கிணறும் ஏற்றமும் ஆளும் அவையே. மாறியது உயரம் மட்டும்.

வெப்ப ஏற்றத்துக்கும் இதே விதிதான். லண்டனில் குளிர்கால இரவில் 2 டிகிரியில் இருக்கும் காற்றிலிருந்து உஷ்ணத்தை எடுத்து 55 டிகிரி நீரில் கொட்ட வேண்டுமானால் 53 டிகிரி உயரம் ஏற்ற வேண்டும். தென்னேரியில் 27 டிகிரியில் இருக்கும் காற்றிலிருந்து எடுத்து 50 டிகிரி நீரில் கொட்ட வேண்டுமானால் உயரம் 23 டிகிரிதான். செலவிடும் மின்சாரத்துக்கு எத்தனை மடங்கு உஷ்ணம் கிடைக்கலாம் என்பதற்கு சாஸ்திரம் விதிக்கிற உச்ச எல்லை, அங்கே 6 மடங்கு, இங்கே 14 மடங்கு. யந்திரத்தின் உராய்வும் குறைகளும் போக அனுபவத்தில் கிடைப்பது இதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அங்கே ஏறக்குறைய 3 மடங்கு என்றால் இங்கே 4 மடங்கு என்று கொள்ளலாம். வெயிலால் வருந்துகிற நம் நாட்டில், அந்த வெயில் காற்றில் விட்டுச் செல்கிற உஷ்ணம், நிரம்பிய கிணறு போல நம் வாசலில் நிற்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு வீட்டிலும் இந்த யந்திரத்தை வாங்கி வைத்துவிடலாமா? இங்கேதான் நம் ஜில்லாவின் வேறொரு சரித்திரம் எனக்கு வழிகாட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரும், 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவருமான ஆல்பிரட் சாட்டர்டன், ஏற்றத்துக்கும் கவலைக்கும் பதிலாக எண்ணெய் என்ஜினும் பம்பும் வைத்து இறைக்கும் பரிசோதனைகளை நடத்தினார். செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள மெல்ரோஸாபுரம் அந்தப் பரிசோதனைகள் நடந்த இடங்களில் ஒன்று. இரண்டின் செலவையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டார். நீரிறைப்பைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அந்த அனுபவம் கற்பித்த பாடம் எளிது. என்ஜின் மலிவாக இறைக்கிறதா இல்லையா என்பது என்ஜினை மட்டும் பொறுத்ததன்று; கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நிலத்துக்குப் பாய்ச்ச வேண்டும் என்பவற்றையும் பொறுத்தது. அரை மணி நேரத்தில் வற்றிவிடும் சிறு கிணற்றின் தலையில் பெரிய என்ஜினை வைத்தால், முதல் போட்ட பணத்தின் வட்டியே விவசாயியை விழுங்கிவிடும்.

அதே தராசில் வெந்நீரையும் நிறுத்துப் பார்ப்போம். 15 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீரை 15 டிகிரி உயர்த்துவதற்குக் கம்பிச் சுருள் ஹீட்டரில் சுமார் கால் யூனிட் மின்சாரம் ஆகும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட். வெப்ப ஏற்றம் வைத்தால் அதில் முக்கால் பங்கு மிஞ்சும். மிஞ்சுவது முக்கால் யூனிட். அதுவும் நம்மூரில் வெந்நீரை நாடுகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் நாடுகிறார்கள்; மற்ற நாளில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற நீரே வெதுவெதுப்பாக இருக்கிறது. இந்த முக்கால் யூனிட்டுக்காக ஓர் எளிய குடும்பம் பல்லாயிரம் ரூபாயை முடக்குவது, சிறு கிணற்றில் பெரிய என்ஜின் வைப்பதற்குச் சமானம். அவர்களுக்குக் கூரையில் ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டியோ, கொல்லையில் இன்னும் மட்டை கிடைக்குமானால் நல்ல புகைபோக்கியோடு ஓர் அடுப்போ, சிறிய மின்சார ஹீட்டரோ போதுமானது. காஸ் வைப்பதானால் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

ஆனால் தென்னேரியிலிருந்து வடக்கே சிறிது தூரம் போய்ப் பாருங்கள். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரம் முழுவதும் ஆலைகளும், ஆலைகளில் வேலை செய்ய வெளியூர்களிலிருந்து வந்த பெண்கள் தங்கும் விடுதிகளும் எழும்பிவிட்டன. வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரே குடியிருப்பில் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. இரவு வேலை முடிந்து விடியலில் திரும்பும் பெண்ணுக்கு ஒரு வாளி வெந்நீர் என்பது ஆடம்பரம் ஆகாது. அத்தகைய விடுதிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும், ஓட்டல்களிலும், தினந்தோறும் நூற்றுக்கணக்கான வாளி வெந்நீர் வேண்டியிருக்கிற இடங்களில், பழைய பாய்லர் பழுதானால் அதே போல் இன்னொன்றை வாங்குவதா, வெப்ப ஏற்றம் வைப்பதா என்ற கேள்வி எழும்போது, விடை தெளிவாகவே இருக்கிறது. முந்நூறு பேர் விடுதியில் நாளொன்றுக்கு 75 யூனிட் ஆகிற இடத்தில் 20 யூனிட்டுக்குள் காரியம் முடியும். பெரிய கிணறு, பெரிய நிலம். அங்கே என்ஜின் வைப்பதே விவேகம்.

எல்லாப் பெரிய தேவைகளுக்கும் இந்த விடை பொருந்திவிடும் என்றும் நினைக்கக்கூடாது. காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் பட்டு நூலின் பசையை நீக்குவதற்குச் சோப்பிட்ட நீரைக் கொதிநிலைக்கு நெருங்கக் காய்ச்ச வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினால் வெப்ப ஏற்றத்தின் லாபம் பெரிதும் கரைந்துவிடும். நெல் அவிக்கும் ஆலையில் உமியே மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதை எரித்து நீராவி உண்டாக்குவதை விட்டு வேறொன்றைத் தேடுவது, ஏரி நிரம்பி வழியும்போது கவலை கட்டுவது போலாகும். இடத்தையும் உயரத்தையும் பார்த்து இறைகூடை, ஏற்றம், கவலை என்று மூன்றையும் வைத்துக்கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்காத விஷயம் அல்லவே.

இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1932இல் பைகாராவிலும் 1937இல் மேட்டூரிலும் தோன்றிய நீர்மின்சாரம் மெல்ல மெல்லக் கம்பி வழியே கிராமங்களுக்கு வந்தது. 1957இல் மின்சார வாரியம் ஏற்பட்டபின் வேகமாக வந்தது. ஏற்றமும் கவலையும் எண்ணெய் என்ஜினும் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின. 1990 முதற்கொண்டு விவசாயிகள் அனைவருக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாயிற்று. அதனால் பிழைத்த குடும்பங்கள் அநேகம். அந்த உதவியை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் நீர் வரும் என்றானபின், அது எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. முதுகு நோகாதவனுக்கு உயரம் தெரிவதில்லை. கிணறு வற்ற வற்றத் துளைக் கிணறு போட்டோம். நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஏரியில் சேற்றை அள்ளிக் கரையைப் பலப்படுத்துகிற குடிமராமத்து என்னும் சம்பிரதாயம் தளர்ந்து போயிற்று. 2017இல் சர்க்கார் அந்தப் பழைய பெயரையே வைத்து அதைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. யந்திரம் நம் சிரமத்தைக் குறைக்கும்போது, சிரமம் நமக்குக் கற்பித்துக்கொண்டிருந்த பாடத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது; அந்தப் பாடத்தை நாம்தான் வேறு வழியில் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே என் தங்கை மகனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். “தம்பி, முதலில் உயரத்தைக் குறை. ஜன்னல் இடுக்கு, கூரை, சுவர் ஆகிய இவற்றின் வழியாக உன் வீட்டுச் சூடு ஒழுகுகிறதா என்று பார்த்து அடை. ஓட்டைச் சாலால் இறைத்தவன் கரையேறியதில்லை. சுவரோரத்துப் பட்டைகள் பெரிதாக இருந்தால் நீர் 45 டிகிரியிலேயே அறையைச் சூடாக்கிவிடும். சிறிதாக இருந்தால் 65, 70 டிகிரி கேட்கும். பெரிதாக மாற்ற முடியுமானால் ஏற்றத்தை வை. உங்கள் ஊரில் மின்சாரம் காஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை என்கிறாய்; மூன்று மடங்கு கொடுக்கிற யந்திரத்தால் இன்று உனக்குப் பணம் மிஞ்சாது, சற்றுக் கூடவே செலவாகலாம். ஆனால் எரிப்பது குறையும். காற்றையும் கதிரையும் கொண்டு உண்டாகும் மின்சாரம் பெருகப் பெருக, அது இன்னும் குறையும். வீட்டைச் சீர்செய்ய இப்போது இயலாது, குளிரில் குழந்தை நடுங்குகிறது என்றால், மனவருத்தமில்லாமல் பாய்லரையே மாற்றிக்கொள். அடுத்த முறைக்கு வீட்டைத் தயார் செய்து வை.”

இன்னொரு வரியும் அதில் சேர்த்தேன். அதை எழுதும்போது ஆயாவே பக்கத்தில் நிற்பது போலிருந்தது. வெந்நீர் அடுப்புக் காலத்தில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு செம்பு மொண்டு வாளியில் விட்டு, குளிர்ந்த நீரைச் சேர்த்து விளாவுவது வழக்கம். அது அடுப்பின் பழக்கம். நெருப்பின் உஷ்ணம் எண்ணூறு டிகிரியானபடியால் நீர் நாற்பதில் நின்றாலும் நூறில் நின்றாலும் அதற்கு உயரம் ஒன்றுதான். ஏற்றத்துக்கு அப்படியில்லை, விளாவிக் குறைப்பதற்காக ஏற்றிய ஒவ்வொரு டிகிரியும் வீண் கூலி. தொட்டியில் தேங்கும் நீரில் கிருமி வளராதிருக்க அவ்வப்போது 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் போதும். மற்ற நாளில் வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேண்டிய அளவு என்பது எது என்று ஆயாவுக்குத் தெரிந்திருந்தது. மட்டை குறைவாக இருக்கிற மழைநாளில் அவர் நீரைக் கொதிக்கவிடமாட்டார். அண்டாவுக்குப் பக்கத்தில் குனிந்து, வலது கையை மணிக்கட்டு வரையில் நீரில் விட்டு, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, “கை பொறுக்குது, வாடா கண்ணு” என்று கூப்பிட்டுவிட்டு, எரிகிற மட்டையை வெளியே இழுத்து, மண்ணில் தேய்த்து அணைத்து, மறுநாளைக்கு என்று சுவரோரம் சாய்த்து வைப்பார். பாதி எரிந்த அந்த மட்டை அங்கே சாய்ந்திருந்த காட்சியை இன்று நினைத்தாலும், ஏரிக்கரையில் நின்று மதகை வேண்டிய மட்டும் திறந்து மூடிய கைகளும், துலாவின்மேல் நடந்த கால்களும், அந்தக் கையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.